14 மாதம் காரைத் தாங்கிய ஜாக் ஸ்டாண்டுகள்: ராட்செட் மாடலா, பின் போடும் மாடலா?

வேலை விஷயமாக 14 மாதம் வெளியூரில் இருக்க வேண்டி வந்தது. காரை விற்க மனசில்லை, யாரிடமாவது கொடுத்து அப்பப்போ ஓட்டிவையுங்கள் என்று சொல்லவும் மனசில்லை. அப்போது வாங்கியவைதான் இந்த நான்கு ஜாக் ஸ்டாண்டுகள், அதாவது ஜாக்கால் தூக்கிய காரை டயர் தரையில் படாமல் தாங்கி நிற்கும் இரும்புக் கால்கள். ஒரு ஜோடி ராட்செட் மாடல் (பல் பல்லாக ஏறிப் பூட்டிக்கொள்ளும்), இன்னொரு ஜோடி பின் (குறுக்கே செருகும் இரும்புக் கம்பி) போடும் மாடல். நான்கையும் ஒரே மாதிரி ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், கடையில் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிதான் இருந்தது, எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அந்த அவசரத்தால் இப்போது இரண்டையும் ஒரே காரின் கீழே வைத்துப் பார்த்த அனுபவம் கிடைத்திருக்கிறது. காரைக் கீழே இறக்கி ஒரு மாதம் ஆகிறது, ஓட்டியும் பார்த்தாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்கு இது உண்மையிலேயே தேவையா? ஒரு மாதம், இரண்டு மாதம் என்றால் தேவையே இல்லை. டயர் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் அடிப்பாகம் தட்டையாகும், ஓட்டும்போது தட தடவென்று சக்கரத்தில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி அதிரும். குறுகிய காலத்தில் வரும் தட்டை, கொஞ்ச தூரம் ஓட்டி டயர் சூடானதும் தானாகவே சரியாகிவிடும். நிறுத்துவதற்கு முன் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி (டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டாமல்) அடித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது காரை அரைச் சக்கரம் முன்னே பின்னே தள்ளிவைத்தால் போதும். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று போகும்போதுதான் அந்தத் தட்டை நிரந்தரமாகத் தங்கிவிடும் பயம் வருகிறது. காற்று மெல்ல இறங்கி, காரின் முழு எடையும் டயரின் பக்கச் சுவரை மடித்துக்கொண்டு உட்காரும், அந்த டயர் அதற்கப்புறம் தேறாது. வந்து தள்ளிவைக்க ஆள் இல்லாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் ஸ்டாண்டு.

சரி, பொருளுக்கு வருவோம். இரண்டு ஜோடியிலும் 3 டன் என்று எழுதியிருந்தது. இந்த 3 டன் ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கா என்று லேபிளைப் படித்துப் பார்க்க வேண்டும், பல தயாரிப்புகளில் அது ஜோடிக்கான கணக்கு. என்னுடையதிலும் ஜோடிக்குத்தான். பயப்பட ஒன்றுமில்லை. என் கார் காலியாக 1,000 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, இன்ஜின் முன்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்பக்கம், அப்படிப் பார்த்தாலும் முன்னால் இருக்கும் ஒரு ஸ்டாண்டின் மேல் 300 கிலோ சொச்சம்தான் விழும். எடை தாங்காமல் ஸ்டாண்டு நசுங்குவது அபூர்வம். சாய்வது, சறுக்குவது, பூட்டு சரியாக விழாமல் படக்கென்று இறங்குவது, இந்த மூன்றுக்கும்தான் பயப்பட வேண்டும். அதனால் டன் கணக்கைவிட அடிப்பாகம் எவ்வளவு அகலம், நான்கு காலும் தரையில் ஒரே சீராக உட்காருகிறதா, வெல்டிங் முழுக்க ஓடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ராட்செட் மாடலின் சௌகரியம் என்னவென்றால், கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் டக் டக்கென்று ஒவ்வொரு பல்லாக ஏறும், வேண்டிய உயரத்தில் விட்டுவிடலாம். இறக்க வேண்டுமென்றால் கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். எடை ஏறியதும் அந்த எடையே உள்ளே இருக்கும் நாக்கைப் பல்லுக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாக்கு பல்லின் அடிவரை இறங்காமல் நுனியில் தொற்றிக்கொண்டு நின்றாலும் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. காரைப் பாதி இறக்கிவிட்டுச் சந்தேகத்தில் ஸ்டாண்டின் கழுத்தைக் கையால் தட்டினேன், க்ளக் என்று ஒரு சத்தம், அரைப் பல் அளவு இறங்கி உட்கார்ந்தது. ஜாக் இன்னும் பாரத்தைப் பிடித்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

இது என் ஒருவனுடைய பிரமையும் இல்லை. 2020இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடைத் தொடர், 3 டன், 6 டன் ராட்செட் ஸ்டாண்டுகளை ஏறத்தாழ 17 லட்சம் திரும்பப் பெற்றது. தயாரிப்பு அச்சுகள் தேய்ந்து, நாக்கு பல்லில் போதுமான ஆழத்துக்கு விழாத ஸ்டாண்டுகள் வெளியே வந்துவிட்டன, பாரத்தோடு நிற்கும்போது அசைந்தால் சடாரென்று இறங்கலாம் என்பதுதான் காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை இருந்து அவற்றையும் அதே வருஷம் திரும்ப வாங்கினார்கள். ராட்செட் மாடலே மோசம் என்று சொல்ல வரவில்லை. டயர் கழற்ற, ஆயில் மாற்ற, அரை நாள் வேலைக்கு அதைவிட வசதியானது இல்லை. கழுத்துக்குக் குறுக்கே கூடுதலாக ஒரு பின் போடும் ராட்செட் மாடலும் கிடைக்கிறது, வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். என்னுடையதில் அது இல்லை.

பின் மாடலில் விளையாட்டே கிடையாது. குழாய்க்குள் குழாய், இரண்டிலும் ஓட்டை, குறுக்கே ஒரு கனத்த இரும்புப் பின், அதன் முனையில் ஒரு கிளிப். பின் உள்ளே போயிருக்கிறதா இல்லையா என்பதை இருட்டில்கூட விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம், நடுவில் தொற்றிக்கொண்டு நிற்பது என்ற பேச்சே இல்லை. குறை, ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், நமக்குத் தேவையான உயரம் எப்போதும் இரண்டு ஓட்டைக்கு நடுவிலேதான் இருக்கும்! பின் தொலைந்தால் கையில் கிடைத்த போல்ட்டைச் செருகாதீர்கள், சாதாரண போல்ட் மெதுவாக வளையும். மாதக்கணக்கில் நிறுத்த எது நல்லது என்று கேட்டால் யோசிக்காமல் பின் மாடல் என்பேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு புகார் உண்டு, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். குறைந்தபட்ச உயரம். என் ஸ்டாண்டுகளை முழுக்க இறக்கினாலும் 28 செ.மீ. நிற்கின்றன. கார் தரையில் நிற்கும்போது முன் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கை, ஸ்டாண்டை ஏன் அங்கே வைப்பது என்று பின்னால் சொல்கிறேன்) தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் ஸ்டாண்டை ஆர்முக்குக் கீழே வைத்தாலே டயர் 8 செ.மீ. அந்தரத்தில் தொங்கும். காரை நிறுத்திவைக்க எனக்கு வேண்டியது டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். உயரம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. இதற்கு நான் செய்தது, ஒவ்வொரு டயருக்கும் கீழே கெட்டிப் பலகைகளைப் படுக்கையாக அடுக்கி, மேல் பலகைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவு மட்டும் விட்டேன். ஸ்டாண்டு என்ன கூத்தடித்தாலும் டயர் அந்த ஒரு விரல் தூரம்தான் இறங்கும். செலவே இல்லாத இந்த வேலைதான் 14 மாதமும் என்னை நிம்மதியாகத் தூங்கவைத்தது.

இப்போது முக்கியமான விஷயம், ஸ்டாண்டை எங்கே வைப்பது. பலரும் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், கார்க் கம்பெனி ஜாக் வைக்கச் சொல்லி அடையாளம் போட்டிருக்கும் இடத்தில் வைத்துவிடுவார்கள். தப்பில்லை, காருக்கு அடியில் படுத்து வேலை செய்ய அதுதான் சரியான இடம், ஆடாது. ஆனால் அப்படி வைத்தால் சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும். சஸ்பென்ஷன் புஷ்களில் (ஆர்ம் காரோடு சேரும் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) இருக்கும் ரப்பர் உள்ளே இருக்கும் இரும்போடு ஒட்டப்பட்டது, கார் சாதாரணமாக நிற்கும் உயரத்தில் அது முறுக்கில்லாமல் இருக்கும்படிதான் பொருத்தியிருப்பார்கள். சக்கரம் தொங்கினால் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, எத்தனை மாதம் நிற்கிறதோ அத்தனை மாதமும் அப்படியே இருக்கும். ஷாக் அப்சார்பரின் தண்டு முழுக்க வெளியே நீண்டு கிடக்கும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். முன் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை ஒரு பக்கம் மட்டும் நசுங்கி மடிந்தபடியே கிடக்கும், மடிப்பில் விரிசல் விடும். ஸ்பிரிங் மேல் பாரம் இருந்தால் அது தளர்ந்துவிடும் என்று பயந்து சக்கரத்தைத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு, நல்ல ஸ்பிரிங் சும்மா நிற்கும் எடைக்கெல்லாம் தளராது.

அதனால் மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால், முடிந்தவரை ஸ்டாண்டை சஸ்பென்ஷனுக்குக் கீழே கொடுங்கள், லோயர் ஆர்மில் சக்கரத்தை ஒட்டி, ஆர்ம் சக்கரத்தோடு சேரும் பால் ஜாயிண்ட் மூட்டுக்குப் பக்கத்தில். முழு ஆக்சில் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டிக் குழாய்) உள்ள வண்டி என்றால் ஆக்சில் குழாயின் இரண்டு முனைகளில், நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் வேண்டாம். இப்படிக் கொடுத்தால் கார் தரையில் நிற்பதாகவே சஸ்பென்ஷன் நினைத்துக்கொள்ளும். ஆனால் எல்லா ஆர்மும் இதற்கு ஒத்துவராது, சிலது சரிவாக இருக்கும், சிலது மெல்லிய தகடு, ஸ்டாண்டின் தலை அதில் சரியாக உட்காராது. உட்காரவில்லை என்றால் வீம்பு பிடிக்காமல் கம்பெனி சொன்ன இடத்துக்கே போய்விடுங்கள். புஷ் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

நான் முன்பக்கம் ஆர்முக்குக் கீழே பின் போடும் மாடலையும், பின்பக்கம் கதவோரத் தகட்டுக்குக் கீழே ராட்செட் மாடலையும் கொடுத்தேன். பின்பக்கமும் சஸ்பென்ஷனுக்குக் கீழே கொடுத்திருக்கலாம், மழை வருகிற மாதிரி இருந்தது, சோம்பல். இதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன்.

தூக்கிய நாளன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த ரிவ்யூ முழுமையாகாது. முன்பக்கத்தை முதலில் தூக்கினோம், ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும், அதோடு பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சுலபமாக முடிந்தது. பின்பக்கம் தூக்கும்போதுதான் வந்தது வினை. ட்ராலி ஜாக்கின் கை நேராக மேலே போகாது, வளைவாகப் போகும், அதனால் தூக்கத் தூக்க ஜாக் தன் சின்னச் சக்கரங்களில் காரை நோக்கி உருண்டு போக வேண்டும். என் தரையில் இரண்டு சிமெண்டுப் பாளங்களுக்கு நடுவே ஒரு பள்ளக்கோடு இருக்கிறது. ஜாக்கின் முன்சக்கரம் அதில் மாட்டிக்கொண்டது. நான் கவனிக்காமல் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருக்கிறேன், ஜாக் நகரவில்லை, அதற்குப் பதிலாகக் காரின் அடியில் அதன் தலை சறுக்க ஆரம்பித்துவிட்டது. முன்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மச்சான்தான் கத்தினான், "மாமா, நிறுத்துங்க, இங்க ஸ்டாண்டு கால் தூக்குது!" ஓடிப்போய்ப் பார்த்தால் முன் ஸ்டாண்டின் ஒரு கால் தரைக்கும் தனக்கும் நடுவே ஒரு அட்டை நுழையும் அளவு எழும்பி நிற்கிறது. மெதுவாக, மிக மெதுவாக இறக்கினோம். யாரும் அடியில் இல்லை, கையைக்கூட நீட்டவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு சாதாரணமாக எழுத முடிகிறது.

அப்புறம் பள்ளக்கோட்டின் மேல் ஒரு தடிமனான பிளைவுட் பலகையைப் போட்டு, ஜாக் உருள வழி செய்து, மறுபடி தூக்கினோம். இந்தத் தடவை பின்பக்கத்தை ஒரேயடியாக ஏற்றாமல் கொஞ்சம் தூக்குவது, ஸ்டாண்டைக் கொடுத்து இறக்குவது, முன்பக்கம் போய் நான்கு காலும் தரையில் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது, மறுபடி கொஞ்சம் தூக்குவது என்று போனோம். ஒரு முனையை உயர்த்தும்போது கார் மறுமுனை ஸ்டாண்டின் மேல் சாய்ந்து திரும்புகிறது, அந்தத் திருப்பம் ஸ்டாண்டையும் சேர்த்துச் சாய்க்கும், இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்த அட்டை அளவு இடைவெளியைக் கண்ணால் பார்த்தால்தான் புத்தியில் ஏறும். நான்கும் நின்ற பிறகு, எல்லோரும் விலகி நின்று, காரின் மூலையைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்த்தோம். இப்போது விழாதது அப்புறம் விழாது என்று சொல்ல முடியாது, ஆனால் விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும்.

தரையைப் பற்றி: சிமெண்டுத் தரையாக, மட்டமாக இருக்க வேண்டும். தார்த் தரை வெயிலில் இளகி ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும், மண் தரை மழையில் இறங்கும். எதுவானாலும் அடியில் அகலமான பிளைவுட் போடுவது நல்லது. செங்கல், ஹாலோ பிளாக் மேல் காரை நிறுத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, நேற்றுவரை நன்றாக நின்றது இன்று பொடியாகும். ஹைட்ராலிக் ஜாக்கிலேயே விட்டுவிட்டுப் போகலாமே என்று ஒருவர் கேட்டார், போகலாம், சீல் கசிந்து சில நாளில் கார் தானாகவே கீழே வந்துவிடும்.

ஸ்டாண்டின் தலைக்கு ரப்பர் பேட் தனியாக வாங்கினேன், அது அவ்வளவு உசத்தி இல்லை. நடுவில் வெட்டுப் பள்ளம் இருக்கும் பேட், கதவோரத் தகட்டு விளிம்பு மடங்காமல் காப்பாற்றுகிறது, அந்த வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் 14 மாதத்தில் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கருப்புக் கறையை விட்டுவிட்டு வந்தது. நடுவில் ஒரு துணியோ தோலோ வைத்திருக்க வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் வைத்திருப்பவர்கள் தூக்குவதற்கு முன் ஜாக் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் அது தானே உயரத்தைச் சரிசெய்கிறேன் என்று நடுவில் கிளம்பும்.

மற்றவை சுருக்கமாக. தூக்கி முடித்ததும் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டேன், இழுத்தபடியே விட்டால் பின் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். கார் சும்மா நிற்கும்போதே கடிகாரம், அலாரம் என்று 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு மாதத்துக்கு 36 ஆம்பியர் ஹவர், சின்ன கார் பேட்டரி ஏறக்குறைய அவ்வளவுதான். புது ஆயில் ஊற்றிவிட்டு நிறுத்தினேன், பழைய ஆயிலில் சேரும் அமிலம் உள்ளே அரிக்கும். பெட்ரோல் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றினேன். மேலே காற்றுப் போகும் துணிக் கவர், தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வேர்க்கும். மாதம் ஒருமுறை யாரையாவது விட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லலாமா என்றால், வேண்டாம். பத்து நிமிஷம் ஐடிலில் ஓடினால் ஆயில் சரியாகச் சூடாவதில்லை, சைலன்ஸரில் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம், அதுவும் ஸ்டாண்டு மேல் நிற்கும் காரில் ஏறி உட்காரவே கூடாது. சைலன்ஸர் வாயில் எலி நுழையாமல் இரும்பு நார் அடைத்தேன், அடைத்ததை மறக்காமல் இருக்க ஸ்டீயரிங்கில் சீட்டு எழுதி ஒட்டினேன். ஒட்டியது நல்லதாகப் போயிற்று, சுத்தமாக மறந்திருந்தேன்.

இறக்கிய நாள். நான்கு ஸ்டாண்டும் வைத்த இடத்தில் வைத்தபடியே நின்றன, பலகைக்கும் டயருக்கும் நடுவில் இன்னும் அதே விரல் நுழைந்தது. இறக்குவதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். டயர்கள் நான்கும் உருண்டையாக இருந்தன, முதல் கிலோமீட்டரிலேயே ஸ்டீயரிங்கில் ஒரு அதிர்வும் இல்லை, அந்த விஷயத்தில் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்துவிட்டது. பிரேக் டிஸ்க்கில் படிந்த துரு ஏழெட்டு பிரேக்கில் போய்விட்டது. முன் சஸ்பென்ஷன் நிறுத்தும்போது இருந்தது போலவே இருக்கிறது. பின்பக்கம் இறங்கியதும் பூனை முதுகைத் தூக்கிய மாதிரி உயர்ந்தே நின்றது, சிறிது தூரம் ஓட்டிய பிறகுதான் பழைய உயரத்துக்கு வந்தது. ஆனால் வேகத்தடையில் ஏறினால் பின்னால் இடது பக்கம் க்ரீச் என்கிறது. மெக்கானிக் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புஷ் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிஞ்சிருக்கு அண்ணே, எவ்வளவு நாள் தொங்கவிட்டீங்க?" என்று கேட்டார். 14 மாதம் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் பின் மாடலுக்கு 5க்கு நாலரை, குறைந்தபட்ச உயரத்துக்காக அரை குறைத்தேன். ராட்செட்டுக்கு 3, டயர் மாற்றும்போது மட்டும் எடுக்கிறேன். அடுத்த தடவைக்காகப் பின் மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிவைத்துவிட்டேன், இந்த முறை உயரம் குறைந்ததாகத் தேடிப் பிடித்தேன். அதில் பின்னை ஸ்டாண்டோடு பிணைக்கும் சங்கிலி இல்லை, இப்போதைக்கு ஒரு ஷூ லேஸைக் கட்டி வைத்திருக்கிறேன்.